“எலி மாதிரி இருக்கு டீச்சர்”



முகநூலில் ஒரு பழைய கங்காருப் படம் அடிக்கடி சுற்றி வருகிறது. கொழுத்த எலி ஒன்று பாறை மேல் இருந்து திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். அதற்குக் கீழே எல்லாரும் சிரிப்பார்கள். போன கிழமை தரம் 7 பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்களும் “எலி மாதிரி இருக்கு டீச்சர்” என்றுதான் சிரித்தார்கள்.

அதை வரைந்த ஜோர்ஜ் ஸ்டப்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. செத்த குதிரைகளை வெட்டி, எலும்பு, தசை எல்லாம் பார்த்து வரைந்து 1766இல் புத்தகமே போட்டவர். ஆனால் 1772இல் அவருக்கு முன்னால் கங்காரு இருக்கவில்லை. வெறும் தோல்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் கெப்டன் குக்கின் கப்பல் அவுஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் பவளப்பாறையில் மோதி, திருத்துவதற்காக ஏழு கிழமை அளவில் நின்றது. அப்போது சுட்டு வீழ்த்திய கங்காருவின் இறைச்சியைக் கப்பல்காரர் சாப்பிட்டுவிட்டார்கள். ஜோசப் பேங்க்ஸ் லண்டனுக்குக் கொண்டுபோன தோலை வைத்து ஸ்டப்ஸ் வரைந்தார். அந்த மிருகம் எப்படி நிற்கும், எப்படிப் பாயும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கங்காருவை அங்கேயே பார்த்துப் பென்சிலால் வரைந்தவர், கப்பலில் போன சிட்னி பார்க்கின்சன். பாவம், 1771இல் திரும்பி வரும் வழியிலேயே நோயில் இறந்துவிட்டார். அவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பயணத்துக்கு முதல் பேங்க்ஸ் அவருக்குக் கொடுத்த வேலை, இலங்கையில் ஒல்லாந்தக் கவர்னராக இருந்த லோட்டன் கொண்டுபோன பறவை, மிருகப் படங்களைப் பிரதி எடுப்பது. அந்தப் படங்களை வரைந்தவர் இங்கேயே பிறந்த டி பெவரே.

இன்னும் பழைய கதை ஒன்று. 1500இல் பின்சோன் என்ற மாலுமி தென் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு ஒரு ஒப்போசத்தைக் கொண்டுபோனார். அதுவும் வயிற்றில் பை உள்ள மிருகம்தான். முன்பக்கம் நரி, பின்பக்கம் குரங்கு என்று எழுதி வைத்தார்கள். அதை வாசித்து வரைந்தவர்கள் பாதி நரி, பாதி குரங்காகவே வரைந்துவிட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லாமல் அழுங்கை மட்டும் விவரித்து வரையச் சொன்னேன். ஒருவன் முதலை வரைந்தான். ஒரு பிள்ளை அன்னாசிப்பழத்துக்குக் கால் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு யாரும் ஸ்டப்ஸைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

என் அபிப்பிராயம், சிரிக்க வேண்டியது ஸ்டப்ஸைப் பார்த்து அல்ல. அவர் கையில் இருந்ததை நேர்மையாக வரைந்தார். அந்தப் படம் 1773இல் குக்கின் பயண நூலில் அச்சாக, மற்றவர்கள் அதைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பிரதி பண்ணினார்கள். மிருகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்கள். நாங்களும் வகுப்பில் அதைத்தானே செய்கிறோம்? புத்தகத்துப் படத்தை அச்சொட்டாகக் கீறிய கொப்பிக்கு முழுப் புள்ளி.

போன தவணை பூவின் பாகங்கள் வரையச் சொன்னபோது ஒரு பிள்ளை தன் வீட்டு அடுக்குச் செவ்வரத்தையைப் பார்த்து வரைந்து வந்தாள். புத்தகத்தில் ஐந்து இதழ். அவளுடைய பூவில் எண்ண முடியாத இதழ். நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியை மூடி வைத்துக்கொண்டாள். நாளைக்கு அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்க வேண்டும். வரும்போது ஒரு பூவும் பறித்து வரச் சொல்லியிருக்கிறேன்.