முந்திப் போகிறவர்கள்

இந்த வாரம் எனக்கும் என் மச்சானுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. காரணம், கன்னியாகுமரி படகு. தீபாவளி கழிந்ததும் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போவதாகத் திட்டம். “ஸ்பெஷல் டிக்கெட் எடுத்துருவோம் மாப்ளே, வரிசையில நிக்க முடியாது” என்கிறார்.

போன தடவை போனபோது சாதாரணச் சீட்டு 75 ரூபாய், சிறப்புச் சீட்டு 300. பூம்புகார் கப்பல் கழகத்தின் அதே படகு, அதே அலை, அதே லைஃப் ஜாக்கெட். கடல் சீறினால் இரண்டு பேருக்கும் படகு கிடையாது. போதாததற்கு, 2024 டிசம்பர் கடைசியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். விவேகானந்தர் பாறையில் இறங்கினால் வள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம்.

கோயில் சிறப்புத் தரிசனத்தைப் பற்றி இங்கே நான் புலம்பியதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுபடி புலம்பப் போவதில்லை. ஒன்று மட்டும்: காசு கொடுத்தவர் முந்தும் நேரம் வானத்திலிருந்து வருவதில்லை, பின்னால் நிற்பவரின் கணக்கில்தான் கழிகிறது.

அந்தப் பின்னால் நிற்பவர் யார்? ஐயப்ப சீசன் கூட்டம் ஒரு பாதி என்றால், நம் பக்கத்து ஆட்களும் கணிசம். சிவகாசி, வெம்பக்கோட்டை, ஆலங்குளம் என்று பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு வருஷத்தில் கிடைக்கும் நீண்ட லீவு, தீபாவளி முடிந்து மறுபடி பூசை போட்டு வேலை தொடங்கும் வரைக்கும்தான். போனஸ் பணத்தில் டூர். போன தடவை எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருவர் கடலையைத் தின்று முடித்துவிட்டு, பொட்டலக் காகிதத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். நுனி பிசகாமல், இறுக்கமாக, குழாயாக. பக்கத்தில் நின்றவர், “ஏ, லீவுலயுமா?” என்று கேட்க, இருவரும் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பியது. பீஸ் ரேட்டில் வாழும் கை. சும்மா இருந்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்றே பழகியது.

லீவு என்றால் எல்லா லீவும் ஒன்றல்ல. 2018-இல் பேரியம் நைட்ரேட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு ஆபீஸ்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு வேன்கூடக் கிளம்பவில்லை. அந்தப் பூட்டையும் பார்த்தவர்கள்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சோற்று வாளியோடு அந்த வரிசையில் நிற்கிறார்கள். வெயிலைத் திட்டுகிறார்கள், படகு தெரிந்ததும் பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று வருஷம் முழுக்க எண்ணி எண்ணி உட்கார்ந்தவர்களுக்கு, முண்டியடித்து நிற்பதே ஒரு சந்தோஷமோ என்னவோ! அவர்களைத் தாண்டி இன்னொரு கதவு வழியாக நான் போகவேண்டுமா?

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னால் “பத்தி எழுதுற புத்தி” என்பார். ஆகவே வேறு விதமாகச் சொன்னேன்: வேன் ஒன்று, போகிறவர்கள் இருபது பேர். இருபது பேருக்கும் ஸ்பெஷல் எடுக்க அவர் தயாரில்லை. அவரும் என் அக்காவும் மட்டும் முந்திப் போனால், பாறையில் எங்களுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அங்கே கடலை விற்கிற ஆளும் இல்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.