முதலாளி தராத நாலு வரி

கையில் தொழில் இருக்கிறது. காகிதம் இல்லை. அம்பத்தூர், பாடி, கிண்டி பட்டறைகளில் பல பேருடைய நிலைமை இதுதான்.

ஆஸ்திரேலியாவில் புள்ளி முறை விசாவில் குடியேற நினைக்கும் வெல்டரோ, பிட்டரோ, எலக்ட்ரீஷியனோ முதலில் தன் தொழில் திறமையை நிரூபித்தாக வேண்டும். அதைச் சோதிப்பது 'டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா' என்ற அந்நாட்டு அரசு அமைப்பு. என்ஜினீயர்களுக்கும் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் வேறு வேறு அமைப்புகள்.

"வெல்டிங்தானே? ராடைக் கையில் கொடுங்க, செஞ்சு காட்டறேன்" என்பார் நம்மவர். காட்டவும் காட்டுவார். ஆனால், அவர்கள் முதலில் கேட்பது காகிதத்தை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை? முழு நேரமா? என்னென்ன வேலை? இவ்வளவும் கம்பெனி லெட்டர்பேடில், பொறுப்பானவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். சம்பளம் வாங்கியதற்கும் அத்தாட்சி வேண்டும்.

சனிக்கிழமை சாயந்தரம் கவரில் சம்பளம் வாங்கியவர் அத்தாட்சிக்கு எங்கே போவார்?

முதலாளியிடம் போய் நிற்கிறார். "ஏம்ப்பா, ஓடப் பாக்கறியா?" என்று கேட்டு அனுப்பி விடுகிறார்கள். ஆள் போய்விடுவானே என்பது மட்டும் காரணமல்ல. 12 வருஷம் வேலை பார்த்தார் என்று எழுதிக் கொடுத்தால், பி.எப். 4 வருஷத்துக்கு மட்டும் கட்டியது வெளியே வந்துவிடுமே! சில பட்டறைகளில் இதுதான் உள் விவகாரம்.

இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறார். லெட்டர்பேடு அடிக்கவும் ரப்பர் ஸ்டாம்பு வெட்டவும் எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள் என்பதைப் புரோக்கர் சொல்வதில்லை. விசா மனுவில் போலிக் காகிதம் பிடிபட்டால் விசா கிடையாது. அதோடு 3 வருஷத்துக்குப் பெரும்பாலான ஆஸ்திரேலிய விசாக்களுக்குக் கதவடைப்பு. கூட மனுப் போட்ட மனைவி, பிள்ளைகளும் சேர்ந்து மாட்டுவார்கள்.

"அசெஸ்மெண்ட் பாஸ் ஆனா விசா கைமேல" என்று அளப்பவர்களும் உண்டு. சுத்தப் பொய். அதற்குப் பிறகும் குறைந்தது 65 புள்ளி வேண்டும். 45 வயது ஆகியிருக்கக் கூடாது. அப்புறம் அவர்களாகக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமலே போகலாம். தொழிலைப் பொறுத்து, சோதனைக் கட்டணமே லட்ச ரூபாயைத் தாண்டும். மனைவி தாலிக்கொடியை அடகு வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தொழிலாளர் துறைக்கு நம் யோசனை இது: கேட்கும் தொழிலாளிக்குச் செய்த வேலையையும் சேர்ந்த தேதியையும் எழுதி அனுபவச் சான்று தர வேண்டும் என்று எல்லாப் பட்டறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மறுத்தால் புகார் செய்ய ஓர் அதிகாரி வேண்டும். 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில்தான் இருக்கிறது. காகிதங்களைப் பார்த்து, "இது போதும், இது போதாது" என்று முன்கூட்டியே சொல்ல அங்கே ஒரு கவுண்டர் திறந்தால் என்ன?

பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு போகிறீர்களோ இல்லையோ, அடுத்த மாதச் சம்பளத்தைப் பாங்கில் போடச் சொல்லுங்கள். பி.எப். பாஸ்புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.