வேலைக்குப் படித்தோம், வேலையைப் பற்றி விசாரித்தோமா?

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். குரூப் 4 தேறி விஏஓ ஆகிவிட்டேன் என்று ஸ்வீட் பாக்ஸோடு ஓடி வந்த அதே பெண். இந்த முறை வெறுங்கையோடு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"சார், போன மாசம் ஒரு கிணத்துல அடையாளம் தெரியாத பிணம். போலீஸ்ல புகார் கொடுக்க வேண்டியது நான். மேல தூக்குற வரைக்கும் மூணு மணி நேரம் அங்கயே நின்னேன். விஏஓன்னா இதெல்லாம் இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லல சார். நீங்ககூட."

அந்த "நீங்ககூட" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு.

அவள் சொன்னது நிஜம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களைத் தேடிக் கொடுத்தவன் நான். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் போனிலேயே நடத்தியவன் நான். ஆனால் அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. காரணம், எனக்கே தெரியாது. 34 வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா?

2022-ல் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர் விஏஓ அலுவலகத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்? மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பெண் கொடுக்கும் முன் மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம். முப்பது வருடம் செய்யப்போகும் வேலையைப் பற்றி மட்டும் இரண்டே கேள்விதான் கேட்கிறோம்: சம்பளம் எவ்வளவு? பென்ஷன் உண்டா?

கோச்சிங் சென்டர்காரர்களிடம் கேட்டால் கட்-ஆஃப் சொல்வார்கள். போஸ்டரில் தேறியவர்கள் படம் இருக்கும். தேறியவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எந்தப் போஸ்டரிலும் இருக்காது. அது அவர்கள் வியாபாரம், விட்டுவிடுவோம். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என்ன வந்தது?

1980-ல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் கொண்டுவந்ததுதான் விஏஓ பதவி. சிட்டா, அடங்கல், பயிராய்வு, வரி வசூல் என்று கிராமக் கணக்கு முழுவதும் அவர் பொறுப்பு. வருடா வருடம் ஜமாபந்தியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சாதி, வருமானச் சான்றிதழுக்கு அவர்தான் விசாரிக்க வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவு அவரிடம். வெள்ளம் வந்தால் ராத்திரி விழித்திருக்க வேண்டியவரும் அவரே. அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த ஒரு விஏஓவை அவர் அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். "ஏசி ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடற வேலை" என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

கொடுமை என்னவென்றால், கவுன்சிலிங்கில் விஏஓவா, இளநிலை உதவியாளரா, எந்த மாவட்டம் என்பதையெல்லாம் சில நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டும். என் மாணவி சொன்னாள்: "அன்னிக்கு ஜூனியர் அசிஸ்டென்டும் காலியா இருந்துச்சு சார். விஏஓன்னா ஊர்ல மரியாதைன்னு எங்க மாமா சொன்னாரு, எடுத்துட்டேன்." இரண்டு வருடம் படித்தவளுக்கு, எதற்குப் படிக்கிறோம் என்று விசாரிக்க இரண்டு நாள் இல்லாமல் போய்விட்டது.

"வேலையே கிடைக்காத காலத்தில் விசாரணை ஒரு கேடா?" என்று கேட்பீர்கள். நான் எதிர்பார்த்த கேள்விதான். வசதியான வீட்டுப் பிள்ளை பிடிக்காவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். ஏழை வீட்டுப் பிள்ளையால் முடியாது. விட முடியாதவனுக்குத்தான் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு, வேறு வழியில்லை என்று போனால்கூட மனதைத் தயார் செய்துகொண்டு போவான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. என்னிடம் படித்த ஒரு தலையாரியின் மகன் இன்று விஏஓ. அப்பாவோடு சைக்கிளில் வயல் வயலாகச் சுற்றி வளர்ந்தவன். வேலையின் நல்லது கெட்டது எல்லாம் தெரிந்தே எடுத்தான். சந்தோஷமாக இருக்கிறான். இருவருக்கும் ஒரே வேலைதான். அவன் பார்த்துவிட்டுப் போனான். அவள் பார்க்காமல் போனாள்.

விசாரிப்பதற்குக் காசு செலவில்லை. அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் போய், "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். இப்படிக் கேளுங்கள்: நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்தீர்கள்? கடைசியாக எப்போது லீவு கேட்டுக் கிடைக்கவில்லை? எதற்காக யார் உங்களை மிரட்டினார்கள்? உங்கள் தங்கச்சிக்கு இந்த வேலையைச் சொல்வீர்களா? இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் சேர்ந்து ஒரு வருடம் ஆனவர், இன்னொருவர் ஓய்வு பெறப்போகிறவர். ஜமாபந்தி நடக்கும்போது தாலுகா ஆபீசுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். அலுவலர்களின் அதிகாரங்களையும் கடமைகளையும் ஒவ்வொரு அரசு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. அதைத் தேடிப் படியுங்கள்.

அரசு வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒரு நாள் வேலையை, மெருகு பூசாமல், அப்படியே இங்கே எழுதுங்கள். நான் சொல்லாமல் விட்டதை நீங்களாவது அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.