காற்றைத் தேக்குவோர் யாவர்?

மேற்கு மலைத்தொடர் ஆரல்வாய்மொழியில் சற்றே வாய்திறந்து நிற்கின்றது. வைகாசி கழிந்ததும் மேலைக்கடலினின்று எழும் காற்று அவ்வாயிலில் நெருக்குண்டு, நெருக்குண்டமையாலேயே விரைவு மிகுந்து, குமரியையும் நெல்லையையும் புரட்டாசி வரை ஓயாது அலைக்கின்றது. செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களும் அவ்வாறே. மலையிடை வாயில்கள் நான்கும் தமிழகத்திற்கு இயற்கை தந்த மின்னூற்றுகள் என்று கூறுதல் மிகையன்று.

தெற்கினின்று வருவது தென்றல், வடக்கினது வாடை, கிழக்கினது கொண்டல், மேற்கினது கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த இனம் தமிழினம். (வெயிற்காலத்தை மட்டும் குறிப்பதாக இன்று சுருங்கிப்போன கோடை என்னும் சொல் மேல்காற்றுக்கும் பெயரென்பதை அறிந்தோர் எத்துணையர்?) காற்றைத் தன் ஏவலில் வைத்துக் கலம் செலுத்திய சோழ முன்னோன் ஒருவனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் நினைவுகூர்கின்றார். அக்காற்று இன்று மின்னாகின்றது. அம்மின்னைத் தேக்கும் அறிவும், பகிரும் உரிமையும், பெயரிட்டு வழங்கும் சொல்லும் எவர் கையில் உள்ளன என்பதே இக்கால் எழும் வினா.

தமிழகம் இத்துறையில் பிந்தி வந்த நாடன்று. இந்தியாவில் காற்றாலைகள் முதன்முதலாக நடப்பட்ட 1986-ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டிலும் அவை எழுந்தன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட்டுத் திறனே உடைய சிறு பொறிகள். பின்னர்க் கொங்குநாட்டுப் பஞ்சாலைகள் தங்கள் தறிக்கும் கதிருக்கும் வேண்டிய மின்னைத் தாமே ஆக்கிக்கொள்ள முன்வந்தமையால், முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் உடுமலைப் பகுதியிலும் காற்றாலைகள் காடாய்ச் செறிந்தன. மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்று வழிவழியாகச் சொல்லப்பெறும் முப்பந்தல் உலகறிந்த ஊராயிற்று. 2025 மார்ச்சில் தமிழகத்தின் காற்றுமின் திறன் பதினோராயிரம் மெகாவாட்டைக் கடந்திருந்தது.

எனினும், முப்பதாண்டிற்கு மேல் முதலிடத்தில் நின்ற தமிழகத்தைக் குசராத்து 2023-24-இல் முந்திச் சென்றது. அங்குக் காற்று மிகுந்துவிட்டதா? இல்லை. கரணியம் வேறு.

காற்றின் விரைவு இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எண்மடங்காகும். இறக்கையின் நீளம் இருமடங்கானால் அது வளைக்கும் பரப்பு நான்மடங்காகும். நிலத்தினின்று உயர உயரக் காற்றின் விரைவும் கூடும். எனவே, 30 மீட்டர்த் தூணில் சுழலும் பழைய 225, 250 கிலோவாட்டுப் பொறிகளுக்கும், 120 மீட்டருக்கு மேல் உயர்ந்து 3000 கிலோவாட்டு வரை ஈனும் இற்றைப் பொறிகளுக்கும் உள்ள வேறுபாடு கட்டுமரத்திற்கும் கப்பலுக்கும் உள்ள வேறுபாடாகும். தமிழகத்தின் கெடுவாய்ப்பு யாதெனின், முதலில் வந்த சிறு பொறிகள் முதன்மையான காற்றிடங்களையெல்லாம் பற்றிக்கொண்டு நிற்கின்றன. முந்தி நட்டவனுக்கு முதிர்ந்த மரமே மிச்சம். பழையவற்றை அகற்றிப் பெரியவற்றை நடுவதற்கெனத் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கை வகுத்தது. ஆயின், பெரும்பொறிகளுக்கிடையே நெடுந்தொலைவு வேண்டும். ஒரு பொறி நிற்கவேண்டிய பரப்பில் இன்று பலர்க்குரிய பொறிகள் நிற்கின்றன. அவர்களை ஓர் உடன்பாட்டிற்குக் கொணர்வது காற்றை வலையிற் பிடிப்பதினும் எளிதன்று. கொள்கை கட்டணம் பற்றிப் பேசுவதில் காட்டிய ஆர்வத்தை இச்சிக்கலை அவிழ்ப்பதில் காட்டவில்லை.

இஃது ஒருபுறம் நிற்க. முதன்மையான சிக்கல் தேக்குதலே. காற்று கேட்கும்போது வருவதன்று. ஆனியிலும் ஆடியிலும் நள்ளிரவில், ஊர் உறங்கும்போது, கொட்டித் தீர்க்கும். சித்திரையில் பகல்வெயில் கொளுத்தி மின்தேவை உச்சிக்கு ஏறும்போது முகங்காட்டாது. ஆடியில் தந்த மின்னை ஏட்டில் வரவு வைத்துப் பின்னொரு திங்களில் திருப்பித் தரும் முறையை மின்வாரியம் காற்றாலை உரிமையாளர்க்கு நெடுங்காலம் வழங்கிவந்தது. அஃது ஏட்டுச் சேமிப்பேயன்றிக் காற்றுச் சேமிப்பன்று. ஆடியில் வந்த மின் ஆடியிலேயே செலவாயிற்று, அல்லது இறக்கைகள் நிறுத்தப்பட்டு வீணாயிற்று.

உண்மையான தேக்கத்தைத் தமிழகம் ஒருமுறை கட்டிக் காட்டியது. ஆனைமலையில், மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாற்று நீர்த்தேக்கம். இரண்டிற்கும் இடையே மலைக்குடைவில் ஒரு மின்னிலையம். மின் மிகும் இரவில் கீழுள்ள நீர் மேலே ஏற்றப்படும். தேவை மிகும் மாலையில் அந்நீர் இறங்கி மின்னாகும். ஏற்றுவதற்குச் செலவிடும் நூறு பங்கில் ஏறத்தாழ எழுபத்தைந்து பங்கு திரும்பும். குறைவெனத் தோன்றினும், வீணாகும் நூற்றினும் கிடைக்கும் எழுபத்தைந்து பெரிதன்றோ! 1987-க்கும் 1989-க்கும் இடையில் ஓடத் தொடங்கிய அந்நான்கு பொறிகளின் திறன் 400 மெகாவாட்டு. அதன்பின் முப்பது ஆண்டுகள் இன்னொரு கடம்பாறை எழவில்லை. நீலமலைக் குந்தாவில் 500 மெகாவாட்டுத் திட்டம் தாளிலிருந்து மலைக்கு ஏறவே பல்லாண்டுகள் பிடித்தன. இதற்குத் தில்லியைப் பழித்துப் பயனில்லை. அக்காலமெல்லாம் ஆட்சிக்கட்டிலில் மாறிமாறி அமர்ந்தோர் தமிழின் பெயராலேயே அமர்ந்தவர்கள். காற்றாலைகளின் எண்ணிக்கையை மேடைதோறும் முழங்கியோர், தேக்கத்தை மறந்தனர்.

இப்பொழுது மலையும் நீரும் வேண்டாத தேக்கங்கள் வந்துவிட்டன. இலித்தியம் மின்கல அடுக்குகள் கதிரவன் தரும் பகல்மின்னை மாலை வரை வைத்திருக்க வல்லவை. ஆயின், இலித்தியமும் அதனைத் தூய்மை செய்யும் தொழிலும் பெரிதும் அயலார் கையில், சிறப்பாகச் சீனத்தின் கையில் உள்ளன. கன்னெய்க்குக் கைகட்டி நின்ற நிலை மாறி மின்கலத்திற்குக் கைகட்டி நிற்பது விடுதலையாகாது. அதனினும் நம்பத்தக்கது சோடிய மின்கலம். கடலுப்பில் நிறைந்து கிடக்கும் சோடியமே அதற்கு முதற்பொருள். இலித்தியக் கலத்தினும் அஃது எடை மிக்கது. ஊர்திக்கு அக்குறை பெரிது, நிலத்தில் ஊன்றி நிற்கும் தேக்கத்திற்கோ எடை ஒரு பொருட்டன்று. தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உப்பளங்கள் பரந்து கிடக்கும் நாடு இதனை எண்ணிப் பார்க்க வேண்டாவா?

எண்ணிப் பார்ப்பதற்கான இடமும் தமிழ்மண்ணிலேயே உள்ளது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருபாவும் வழங்க, 1948-இல் கால்கோளிட்டு 1953-இல் திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கின்றது. மின்கலங்களைப் பற்றிய ஆய்வு அங்கு நெடுங்காலமாக நடைபெறுகின்றது. தமிழன் கொடையில் எழுந்த அவ்வாய்வகத்தின் அறிவு தமிழில் எத்துணைப் பக்கங்கள் வெளிவந்துள்ளது? வாயிலில் நிற்கும் காவலரின் பிள்ளை உள்ளே ஆயப்படுவது இன்னதென்று தாய்மொழியில் படித்தறிய வழியுண்டா? முப்பந்தலில் தூணேறிப் பழுது நீக்கும் இளைஞனின் கையிலுள்ள பொறிவிளக்க நூல் எம்மொழியில் உள்ளது?

மொழிக்கும் மின்னுக்கும் என்ன தொடர்பு என நகைப்போர் உளர். அவர்கள் இடென்மார்க்கு நாட்டை நோக்குக. ஏறத்தாழ 60 இலக்கம் மக்களே பேசும் மொழி அந்நாட்டு மொழி. அசுக்கோவ் என்னும் சிற்றூரின் மக்கட்பள்ளியில் ஆசிரியராக இருந்த போல் இலாகூர் 1891-இல் காற்றாலையால் மின்னாக்கினார். அவரும் தேக்கத்தைத்தான் முதலில் எண்ணினார். அம்மின்னால் நீரைப் பிரித்து ஐதரசனைச் சேமித்துப் பள்ளியின் விளக்குகளை எரித்தார். பின்னர், 1904 முதல், உழவர் வீட்டு இளைஞர்களை அழைத்து அவர்கள்தம் மொழியிலேயே காற்றுமின் தொழிலைப் பயிற்றினார். அங்குப் பயின்றவருள் ஒருவரான யோகான்னசு யூல் 1957-இல் கெட்சர் என்னுமிடத்தில் நிறுவிய 200 கிலோவாட்டுப் பொறியே இற்றை முவ்விறக்கைப் பொறிகளுக்கு முன்னோடி. தமிழகத்திற்குத் தொடக்கத்தில் வந்த காற்றுப்பொறிகளுள் பல அந்நாட்டு வரைவுகளே. சிற்றூர்ப் பள்ளியில் தாய்மொழியில் விதைத்தது முப்பந்தல் வரை விளைந்தது. இன்று அந்நாட்டு மின்னில் செம்பாதிக்கு மேல் காற்று தருகின்றது.

இலாகூர் விளக்கெரித்த ஐதரசன் இப்பொழுது தூத்துக்குடியின் பேச்சாகியுள்ளது. காற்றாலும் கதிரவனாலும் ஆகும் மின்னைக் கொண்டு ஐதரசன் ஆக்கி, அதனை அம்மோனியாவாக மாற்றிக் கப்பலேற்றுவது திட்டம். ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது இலிட்டர் தூயநீர் வேண்டும். கோடையில் குடிநீர்க்குடம் வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் அந்நீர் பொருநையினின்று எடுக்கப்படுமா, கடல்நீரைத் தூய்மை செய்து பெறப்படுமா என்பதைக் கையொப்பமிடுமுன் மக்கள்முன் வைத்தல் வேண்டும்.

உரிமைப் பக்கத்தைப் பார்ப்போர்க்கு இன்னும் கசப்பே மிஞ்சும். மின்னாற்றல் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது. நடுவணரசின் சட்டம் மாநிலச் சட்டத்தை மேலடர்ந்து நிற்கும். தென்னக மின்தடம் வடபுலத் தடத்தோடு முழுமையாக இணைக்கப்பட்டது 2013 திசம்பர் 31-இல். இணைப்பே தீது என்பதன்று. ஆடிக்காற்றை விற்க வழிவேண்டும். ஆனால் இராய்கரிலிருந்து புகளூர் வரை இழுக்கப்பட்ட 6000 மெகாவாட்டுத் தடம் முதற்கண் எண்ணப்பட்டது வடபுலத்துக் கரிமின்னைத் தெற்கே கொணர்வதற்கே. அதன் கோபுரங்களைத் தாங்கிய கொங்கு உழவர்தம் நிலத்திற்கு உரிய விலை கேட்டுப் போராடினர்.

எஞ்சியிருப்பது கடல். நிலத்துக் காற்றினும் சீரானது கடற்காற்று. மன்னார் வளைகுடாவில் குமரிக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட பரப்பு இந்தியாவின் மிகச் சிறந்த காற்றிடங்களுள் ஒன்று. கடற்காற்றாலைக்கென 2015-இல் கொள்கையும் 2023-இல் குத்தகை விதிகளும் வகுத்தது நடுவணரசு. 2024 சூனில், குசராத்துக் கடலில் 500 மெகாவாட்டும் தமிழகக் கடலில் 500 மெகாவாட்டும் நிறுவவும், இரண்டு துறைமுகங்களைச் செப்பஞ்செய்யவும் 7,453 கோடி உருபா ஒதுக்க இசைந்தது. கடலடி நிலம் அரசமைப்பின் 297-ஆம் உறுப்பின்படி நடுவணரசுக்கே உரியது. எனவே, குத்தகை விடுவதும் குத்தகைப் பணம் பெறுவதும் தில்லி. கரையில் துணைமின் நிலையத்திற்கு இடம் தருவதும், மீனவரின் கண்ணீருக்கு விடை சொல்வதும் தமிழகம்.

அக்கடலில் கச்சான் எப்பொழுது எழும், கொண்டல் எப்பொழுது திரும்பும், ஆவுளியா எந்தக் கடற்புல்லில் மேயும் என்பவற்றை அளவைக்கருவியின்றி அறிந்தவர்கள் கரையில் வாழ்கின்றனர். குத்தகை விதிகளோ அவர்கள் படிக்கவியலாத மொழியில் உள்ளன. எந்தக் கடற்பரப்பு மூடப்படும், வலைவிரிக்கும் வழி எவ்வளவு அகலம் விடப்படும், வலை அறுந்தால் எவர் ஈடு செய்வர் என்பனவெல்லாம் தமிழில் அச்சாகி, இடிந்தகரையிலும் பெரியதாழையிலும் மணப்பாட்டிலும் ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பெற்று, அவர்கள்தம் இசைவு எழுத்தில் பெறப்படும்வரை ஒரு தூணும் ஊன்றலாகாது எனவும், குத்தகைப் பணத்தில் செம்பாதி தமிழகத்திற்கு வரவேண்டும் எனவும் தமிழகச் சட்டமன்றம் முடிவு இயற்றித் தில்லிக்கு அனுப்பட்டும்.