பயணப்படிப் பட்டியலில் பொய் நுழைவது எவ்வாறு?

இக்கல்லூரியில் வணிகவியல் பயின்று வெளியேறிய நான், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி 2019-இல் ஓய்வு பெற்றேன். அவ்வாண்டுகளில் பெரும்பகுதி, பிறர் சென்று வந்த பயணங்களைப் படிப்பதிலேயே கழிந்தது. நான் தில்லியைப் பார்த்ததில்லை. ஆனால் புதுதில்லி ரயில் நிலையத்திலிருந்து கரோல்பாகுக்கு எந்த ஆண்டில் ஆட்டோக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், தூக்கத்திலும் சொல்லுவேன்!

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பேராசிரியர் பணித்தபோது, எனக்குத் தெரிந்த ஒன்றையே எழுதுவதென்று முடிவு செய்தேன். அரசு அலுவலகமானாலும் தனியார் நிறுவனமானாலும், ஊழியர்கள் பயண விதிகளை மதித்து நடப்பதில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. அதற்கு மருந்தாகச் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை விடுகிறார்கள். நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. விதியை மீறுகிறவனைத் திருத்துமுன், விதியை நடத்துகிறவன் திருந்த வேண்டும். நடத்தியவர்களில் நானும் ஒருவன் ஆதலால், இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என எண்ணுகிறேன்.

1994-ஆம் ஆண்டு. புதிதாகப் பணியில் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் பெங்களூர் சென்று வந்து பயணப்படிப் பட்டியல் கொடுத்தார். ரயில் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் சரி. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் எழுதியிருந்தார். ரசீது இல்லை. சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினேன். அவர் நேரில் வந்தார்.

“சார், ஆட்டோக்காரர் எங்கே சார் ரசீது கொடுக்கிறார்?”

“விதி அப்படித்தான் தம்பி, நான் என்ன செய்ய?” என்றேன்.

அடுத்த தடவை வேறொரு குறை கண்டேன், மறுபடியும் திருப்பினேன். இரண்டு மாதம் ஓடிற்று. அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கு விடுதிக்காரரிடம் போய்விட்டது. அலுவலகத்திலிருந்து ஒரு பைசா வரவில்லை. அதன்பின் அவர் மீண்டும் பெங்களூர் போனார். இம்முறை பட்டியலோடு இளஞ்சிவப்புத் தாளில் ஓர் ஆட்டோ ரசீது. வண்டி எண், தேதி, கையொப்பம் யாவும் உண்டு. தொகை அறுபத்தைந்து ரூபாய். பட்டியலை எழுதிய அதே கைதான் ரசீதையும் எழுதியிருந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆயினும் விதிப்படி ரசீது இருக்கிறதே! அன்றே தொகையை அனுமதித்தேன்.

உண்மையை எழுதியபோது பணத்தை நிறுத்தினேன். பொய்யை எழுதியபோது கொடுத்தேன். அந்த இளைஞருக்குப் பாடம் நடத்தியவன் யார்? நான்தானே!

ரசீது என்பது நேர்மைக்குச் சான்று என நம்பியிருந்த காலம் அது. பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், செல்லாத விமானப் பயணங்களுக்குப் பல இலட்ச ரூபாய் பெற்ற வழக்கில் 2022-இல் தில்லி நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அங்கே பயணச்சீட்டும் இருந்தது, விமானத்தில் ஏறியதற்கான சீட்டும் இருந்தது. பயணந்தான் இல்லை. தாள்கள் கச்சிதமாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்த என் போன்றோர் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

இந்த உண்மையை மைய அரசே பின்னர் ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையில் வெளியான ஆணை, 8-ஆம் ஊதிய நிலை வரையிலுள்ளோர் தங்கும் செலவையும் ஊருக்குள் போய்வரும் செலவையும், வரம்புக்குட்பட்டு, ரசீது இன்றித் தம் கையொப்பச் சான்றின் பேரிலேயே பெறலாம் என்றது. உணவுச் செலவுக்கு மொத்தத் தொகை. தலைமையிடத்தை விட்டுப் பிரிந்திருந்தது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் முழுத் தொகை, ஆறு முதல் பன்னிரண்டு மணி என்றால் 70 விழுக்காடு, ஆறுக்கும் குறைவு என்றால் 30 விழுக்காடு. எவ்வளவு எளிது! இட்லிக் கடை ரசீதுகளைப் பசை தடவி ஒட்டும் வேலை ஒழிந்தது.

ஆனால் அதே ஆணையில் ஒரு முள்ளும் இருந்தது. 6 முதல் 8 வரையிலான ஊதிய நிலையினர்க்கு விடுதி வரம்பு நாளொன்றுக்கு 750 ரூபாய். உயர் அதிகாரிகளுக்கு, அதாவது 14-ஆம் நிலைக்கும் அதற்கு மேலும், 7,500 ரூபாய். படிவரிசைப்படி வேறுபாடு இருக்கட்டும். அதைக் குறை கூறவில்லை. சென்னையிலோ மும்பையிலோ 750 ரூபாய்க்குக் கதவு சரியாக மூடும் அறை கிடைக்குமா என்று வரம்பை நிர்ணயித்தவர்கள் ஒருநாள் போய்ப் பார்த்திருக்கலாம் அல்லவா? கையிலிருந்து இழந்தவன் அடுத்த பயணத்தில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு விடுதிக் கணக்கு எழுதுகிறான். அவன் மனசாட்சி அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. இழந்ததை மீட்டதாகவே சொல்கிறது. அவன் செய்வது சரியென்று நான் கூறவில்லை. முடியாத வரம்பு அவனை அங்கே தள்ளுகிறது என்கிறேன்.

காரணம் சொல்லப்படாத விதியும் இப்படித்தான் மதிப்பிழக்கும். பல ஆண்டுகள், அரசுச் செலவில் விமானம் ஏறுவோர் ஏர் இந்தியாவில்தான் போக வேண்டுமென்ற கட்டாயம் இருந்தது. பக்கத்துக் கவுண்டரில் குறைந்த விலைக்குச் சீட்டு விற்பதைப் பார்த்துக்கொண்டே கூடுதல் விலை கொடுத்த ஊழியன், அரசின் பணத்தைக் காப்பதற்கே விதி என்று எப்படி நம்புவான்? 2022 ஜனவரியில் அந்நிறுவனம் டாடா குழுமத்தின் கைக்குப் போயிற்று. அவ்வாண்டு ஜூனில் வந்த புதிய ஆணை, மிகக் குறைந்த கட்டணச் சீட்டையே எடுக்க வேண்டும், இயன்றவரை 21 நாள் முன்பே எடுக்க வேண்டும் என்றது. நல்ல விதி. நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். புறப்படுமுன் 72 மணி நேரத்துக்குள் சீட்டு எடுத்தால் ஊழியர் எழுத்து மூலம் காரணம் காட்ட வேண்டுமாம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூட்டத்தை நாளை மறுநாள் என்று முடிவு செய்தவர் மேலதிகாரி. காரணம் எழுதுகிறவரோ போகிறவர்! தேதியை வைத்தவரும் அந்தத் தாளில் ஒரு வரி எழுதட்டும். 21 நாள் விதி தானாகவே உயிர் பெறும்.

ஊழியனின் நலனுக்காகவும் இவ்விதிகள் இருக்கின்றன என்பதை நாங்கள் யாருமே எடுத்துச் சொன்னதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாள் மூடிக்கிடந்தது. அப்போது எங்கள் அலுவலகத்தார் ஐவர் வெளியூரிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. மூவர் அலுவலகம் ஏற்ற முகவர் வழியே சீட்டு எடுத்தவர்கள். எந்த ஊர், எந்த விமானம் என்று ஒரே தொலைபேசியில் தெரிந்தது. இருவர் சலுகை விலைக்கு ஆசைப்பட்டுத் தாமாக எடுத்தவர்கள். அவர்கள் இருக்குமிடம் தெரியாமல் அவர்கள் வீட்டார் இரவெல்லாம் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்விரு வீட்டுப் பெண்களுக்கும் பதில் சொன்னவன் நான்.

அதற்குப் பின் என் பிரிவில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். பயணம் போகிறவர் முன்பணம் வாங்க வரும்போதே, அவர் நிலைக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எங்கே சீட்டு எடுக்க வேண்டும், ஏன் அங்கே எடுக்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எளிய தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தோம். ஆட்சேபணை இருந்தால் தவணை முறையில் எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதினோம். பட்டியல் கொடுக்க 2018 முதல் ஊழியர்க்கு 60 நாள் கெடு வந்தபோது, எங்களுக்கு நாங்களே 15 நாள் கெடு வைத்துக்கொண்டோம். யாரும் ஆணையிடவில்லை; சில வாரங்களில் தவறியதும் உண்டு.

ஓரிரு ஆண்டுகளில், என் மேசையின் இடப்பக்கம் எப்போதும் கிடக்கும் திரும்பிய பட்டியல்களின் கட்டு மெலிந்துவிட்டது. மேசை துடைக்க வரும் அம்மாள் ஒருநாள், “என்ன சார், இங்கே இருந்த குப்பையைக் காணோமே, யார் எடுத்தது?” என்று கேட்டார்.