எங்க அம்மாவை யார் போட்டோ எடுப்பாங்க?



உங்க வீட்டுல உங்க அம்மா வேலை செய்யற மாதிரி ஒரு போட்டோ இருக்கா? இன்னைக்குப் போய்த் தேடிப் பாருங்க. கல்யாண ஆல்பம் இருக்கும். காதுகுத்து வீட்டுல பட்டுச்சேலை கட்டி விறைப்பா நிக்கிற படம் இருக்கும். மல்லிகைப்பூ பறிக்கிற படம், களை எடுக்கிற படம், விடியக்காலையில மில் வேன் ஏறுற படம் இருக்காது. எங்க வீட்டுலயும் இல்லை. நூறு நாள் வேலையில தினமும் ரெண்டு தடவை போட்டோ எடுத்து ஏத்தணும்னு 2023-ல கட்டாயம் ஆச்சு. அது ஆள் கணக்குப் பார்க்க. அதுல எங்க அம்மா ஒரு தலை, அவ்வளவுதான்.

என்னை இப்படி யோசிக்க வைத்தவை எம். பழனி குமார் என்ற புகைப்படக் கலைஞரின் படங்கள். மதுரைக்காரர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணையதளத்தில் இவருடைய படங்கள் வருகின்றன. தமிழிலேயே படிக்கலாம். இவருடைய அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்த அம்மாவையே படம் எடுத்து, அவரைப் பற்றி எழுதியும் இருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர் பெண்களின் படங்கள். அவர்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். நாம விரும்பிச் சாப்பிடுற ‘கடல்பாசி’ இனிப்பு இந்த மாதிரி பாசியிலிருந்து வருவதுதான். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது, மூச்சை அடக்கித்தான் உள்ளே போகிறார்கள். இவரும் தண்ணிக்குள்ளேயே போய் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் அவர்களைப் பார்த்தால் பாவமாகத் தோன்றவில்லை. ‘யம்மாடி, இதை நம்மால செய்ய முடியுமா?’ என்றுதான் தோன்றியது.

வீடியோவும் எடுத்திருக்கிறார். திவ்யபாரதி இயக்கி 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு இவர்தான் ஒளிப்பதிவு. மனிதக் கழிவை மனிதர் அள்ளக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் அள்ளுகிறார்கள் என்பதை அந்தப் படம் காட்டியது. வாயால் சொன்னால் ‘எங்கேயும் அப்படி இல்லை’ என்று மறுத்துவிடலாம். கேமராவில் பதிந்ததை எப்படி மறுப்பது?

இதை வகுப்பில் சொன்னபோது என் தோழி ஒரு கேள்வி கேட்டாள். “கஷ்டப்படுறவங்களைப் படம் எடுத்து அவர் விருது வாங்கிட்டாரு. அவங்களுக்கு என்ன கிடைச்சுச்சு?” நல்ல கேள்விதான். 2022-இல் தயானிதா சிங் – பாரி விருதை முதன்முதலில் வாங்கியவர் இவர். போட்டோ எடுத்ததால் யாருக்கும் கூலி ஏறிவிடாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தான் மட்டும் எடுத்துவிட்டுப் போகவில்லை. வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவங்க தெருவை அவங்களே எடுத்தாங்க. வெளியிலிருந்து வருகிறவர் ‘கொஞ்சம் சோகமா நில்லுங்க’ என்பார். பெத்த பிள்ளை அப்படிச் சொல்லுமா?

வாடிப்பட்டி நமக்கு எவ்வளவு தூரம்? மதுரை பஸ்ஸில் போனால் வழியில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன், யாரிடமும் படிக்காமல் தானே போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டவர். தலித் பிள்ளைகள் படிப்பதற்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய பொன்னுத்தாய் அம்மாளின் பேரன். உலகம் சுற்றிய இவர், தன் வீட்டையும் சொந்தக்காரர்களையும் எடுத்த படங்கள்தான் பெரிதாகப் பேசப்பட்டன.

நம்ம திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்குங்க. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் பார்த்த படங்களில் எல்லாம் பூட்டுதான் பளபளவென்று இருந்தது. அதை அரம் போட்டுத் தேய்த்த கையைக் காணோம். சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையும் அதே கதைதான், முடிச்சுப் போடும் விரல் தெரியாது. ஆண்டு விழாவில்கூட சிறப்பு விருந்தினருக்கு இருபது போட்டோ எடுப்பார்கள். சத்துணவு சமைத்த ஆயாவுக்கு ஒன்றும் இருக்காது. (ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தச் சுவர் இதழில் மாதம் ஒரு இடம் விட வேண்டும். நம்ம ஊரில் வேலை செய்கிற ஒருவரின் படம் அதில் வர வேண்டும். வீட்டு போனில் எடுத்து, பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோவில் பிரிண்ட் போடலாம். போன் இல்லாதவர்கள் பென்சிலில் வரையலாம். ஆனால் அவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. படத்தின் கீழே ‘தொழிலாளி’ என்று எழுதாமல் அவர்கள் பெயரை எழுத வேண்டும்.

முதல் மாதத்துக்கு எங்க தெரு பூட்டுப் பட்டறைத் தாத்தாவிடம் கேட்டாச்சு. சரின்னுட்டாரு. “சட்டை போட்டுக்கணுமா தாயி?”ன்னு மட்டும் கேட்டாரு. உங்க இஷ்டம் தாத்தான்னு சொல்லியிருக்கேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி