அவலாஞ்சியும் பிரம்மதாலும்

தில்லைநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கல்லூரிப் படிப்பை முடித்த அவர் மகன், வரும் தை மாதத்தில் நண்பர்களோடு இமயமலைக்குச் சென்று, உத்தரகாண்ட் மாநிலத்தில் பத்தாயிரம் அடிக்கு மேலுள்ள பிரம்மதால் ஏரியைப் பனிமீது நடந்தே காண விரும்புகிறானாம். “மலைக்கோட்டைப் படிகளைத் தவிர வேறு ஏற்றம் அறியாத பிள்ளை. பனிச்சரிவு என்று செய்தித்தாளில் கண்டாலே வயிறு கலங்குகிறது. அனுப்பலாமா?” என்று வினவுகிறார்.

அன்புச் சகோதரி, தங்கள் அச்சம் வீண் அச்சமன்று. ஆனால் மலைச்சரிவு நமக்கு முற்றும் அந்நியமானதும் அன்று. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையைத் தழுவிச் செல்லும் நீரில் ஒரு பங்கு, அதன் பெயரையே தாங்கிய ஏரியிலிருந்து வருகிறது. உதகைக்குத் தென்மேற்கே உள்ள அவலாஞ்சியைத்தான் சொல்கிறேன். 1823-ஆம் ஆண்டில் அங்கே மலையின் ஒரு பெரும்பகுதி பெயர்ந்து வீழ்ந்தது. அதைக் கண்ட ஆங்கிலேயர், ஆல்ப்ஸ் மலையின் பனிச்சரிவுக்கு வழங்கும் ‘அவலாஞ்சு’ என்ற சொல்லையே ஊருக்குச் சூட்டிவிட்டனர். வீழ்ந்தது பனியன்று, மண். பின்னாளில் கனடா நாட்டின் உதவியோடு அமைந்த குந்தா மின்திட்டத்தில் அங்கே அணை எழுந்து, இன்றைய ஏரி உண்டாயிற்று. அதன் நீர் குந்தா ஆற்றின் வழியே பவானியிற் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியோடு கலந்து, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சூழ்கிறது.

2019 ஆகஸ்டில் அந்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் திருச்சிக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறக்குறைய அவ்வளவுதான்! பாறையின் மேல் ஆழமாகப் படிந்த மண் இத்தகைய மழையில் நீரைக் குடித்துக் கனத்து, பிடிப்பு இழந்து நழுவுகிறது. ஆகவே ஆடி, ஆவணியிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நீலகிரிச் சரிவுகளில் நடக்கப் புறப்படுவது அறிவுடைமை ஆகாது. வனத்துறையின் அனுமதியின்றி அக்காட்டில் எக்காலத்தும் நுழையலாகாது. (1603-இல் இத்தாலியரான இயேசு சபைக் குரு ஃபெனிச்சியோ மலபாரிலிருந்து அம்மலைமேல் ஏறினார். மறக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் அங்கு வாழ்வதாகக் கேள்விப்பட்டுத் தேடிச் சென்றவர் கண்டது தோடர்களை. மலை எவருடைய எதிர்பார்ப்புக்கும் இணங்கி நிற்பதில்லை.)

பனியின் இயல்பு வேறு. மழை நின்று வானம் வெளுத்தால் நாம் ஆறுதல் கொள்கிறோம். பனிமலையிலோ, பெரும் பனி பொழிந்து ஓய்ந்த மறுநாளின் அழகிய வெயிலே ஆபத்தானது. இறுகிய பழம்பனிமேல் புதுப்பனி ஒட்டாமல் படிந்திருக்கும். இரண்டிற்கும் நடுவே உறுதியற்ற ஓர் அடுக்கு இருப்பின், ஒரு மனிதனின் காலடியே அதை உடைத்துவிடும். நடைப்பயணத்தில் பனிச்சரிவுக்கு இரையானோருள் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ மிதித்த அடியினாலேயே அதைக் கிளப்பியவர்கள். சமவெளியில் பனி நகராது. செங்குத்தான பாறையில் அது தங்காது. நம் ஓட்டுக் கூரையின் சாய்வை ஒத்த, 30 முதல் 45 பாகை வரையிலான சரிவே கொலைச்சரிவு. பார்வைக்கு நடப்பதற்கேற்றதாய்த் தோன்றுவதும் அதுதான்.

முறம்போல் அகன்ற பனிக்காலணியைப் பிள்ளைகள் பெருமையோடு காட்டுவார்கள். அது கால் புதையாமல் காக்கும், சரிவிலிருந்து காக்காது. புதைந்தவனைக் காக்க வல்லவர் உடன் வந்தவர்களே. கால் மணி நேரத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அரைமணி கடந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. ஆகையால் ஒவ்வொருவரிடமும் இருக்குமிடத்தை உணர்த்தும் அலைக்கருவியும், துழாவும் நீண்ட கோலும், மண்வாரியும் இருத்தல் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருத்தலும் வேண்டும்.

2016 பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மதராஸ் ரெஜிமெண்டின் வீரர் பதின்மர் பனிப்பாளத்தின் கீழ்ப் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழகத்தார். ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் 11-ஆம் நாள் கண்மூடினார். அவர்கள் கடமைக்காக அங்கே நின்றவர்கள். வானிலை சரியில்லை என்று திரும்பிவர இயலாதவர்கள். தங்கள் மகனுக்கு அந்த உரிமை உண்டு.

எனவே, “போகாதே” என்று தாங்கள் கூற வேண்டுமென நான் சொல்லமாட்டேன். வழிகாட்டி அவ்வூர்ச் சரிவுகளைப் பல குளிர்காலம் கண்டவரா? பனி பெய்த மறுநாள் கூடாரத்திலேயே தங்குவதற்கு ஓரிரு நாள் மிகுதியாக வைத்திருக்கிறார்களா? ஏரிக்கு ஒரு கல் தொலைவில் வழிகாட்டி “திரும்புவோம்” என்றால், கட்டிய பணத்தை எண்ணாமல் திரும்புவானா? இவற்றை மகனிடம் அமைதியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவன் உடனே “ஆம்” என்றானா, சற்றுத் தயங்கினானா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.